மார்கழி ஓசோனும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும்

போன வருஷம் மார்கழி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தை ஒரு வாட்ஸாப் செய்தியை எனக்குத் தள்ளிவிட்டிருந்தாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வருஷா வருஷம் டிசம்பர் நடுவில் சுற்றுக்கு வரும் அதே செய்திதான். மார்கழி மாதம் அதிகாலையில் ஓசோன் வாயு பூமிக்கு மிக அருகில் இறங்கி வருகிறதாம். அதைச் சுவாசித்தால் நுரையீரல் சுத்தமாகுமாம். அதனால்தான் முன்னோர்கள் அந்த நேரத்தில் வாசலில் கோலம் போடச் சொன்னார்களாம்.

கீழே அத்தை தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தாள்: "நீ இஞ்சினியர்தானே, இது சரியான்னு பார்த்துச் சொல்லேன். நாளன்னிக்குலேர்ந்து நாலரைக்கு எழுந்து அம்மா மண்டபம் வரைக்கும் நடக்கலாம்னு இருக்கேன்."

அத்தைக்கு வயது 71. இருபது வருஷமாக இழுப்பு உண்டு. கைப்பையில் சாவிக்கொத்தோடு இன்ஹேலரும் இருக்கும். அதனால் "சும்மா ஃபார்வேர்டு, விடு அத்தை" என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. உட்கார்ந்து படித்தேன், கொஞ்சம் கணக்கும் போட்டேன். ஓசோனில் ஆரம்பித்தது பனி, ரயில் சத்தம், அவரைக்காய், மேட்டூர் அணை என்று எங்கெங்கோ போய் நின்றது. அந்தக் குறிப்புகள்தான் இது.

ஓசோன் எங்கே இருக்கிறது?

நல்ல ஓசோன் என்று நாம் பள்ளியில் படித்தது, தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. புற ஊதாக் கதிர்களை வடிகட்டுவது அதுதான். மார்கழி பிறந்துவிட்டது என்பதற்காக அது நம் தெருவுக்கு இறங்கி வருவதில்லை.

தரை மட்டத்திலும் ஓசோன் உண்டு. ஆனால் அது உருவாகும் விதம் வேறு. வண்டிப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட் போன்றவற்றிலிருந்து வரும் ஆவிகளும் வெயிலில் வேதிவினை புரிந்து ஓசோனாகின்றன. இதற்கு வெயில் கட்டாயம் வேண்டும். அதனால் தரை மட்ட ஓசோன் உச்சத்தைத் தொடுவது மத்தியானத்துக்கு மேல். ராத்திரியில் புதிதாக உருவாக வழியில்லை. இருப்பதையும் வண்டிப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு தின்றுவிடும். ஆக, அதிகாலை நாலரை, ஐந்து மணிக்கு ஊருக்குள் காற்றில் ஓசோன் கிட்டத்தட்ட மிகக் குறைவாக இருக்கும். செய்தி சொல்வதற்கு நேர் எதிர்.

இன்னொன்று, ஓசோன் நுரையீரலைச் சுத்தம் செய்வதில்லை, எரிச்சலூட்டுகிறது. இந்தியாவின் காற்றுத் தர விதிகளில் ஓசோன் மாசுப் பட்டியலில்தான் இருக்கிறது. எட்டு மணி நேர சராசரி ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு. இழுப்பு இருப்பவர்களுக்கு இது இன்னும் ஆகாது. ஓசோன் இல்லாத நேரத்தில் அத்தை நடக்கப் போகிறாள் என்பது, யோசித்துப் பார்த்தால், நல்ல விஷயம்தான்.

அப்படியென்றால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் இதற்கு ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. ஓசோனைக் கண்டறிந்து பெயர் வைத்தவர் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் வேலை பார்த்த ஷான்பைன் என்ற வேதியியலாளர். காலம் 1840 வாக்கில். அது கிருமிகளை அழிக்கும் என்று தெரிந்ததும், கடற்கரைக் காற்றிலும் மலைக் காற்றிலும் ஓசோன் நிறைய இருக்கிறது, வந்து சுவாசியுங்கள் என்று 19ஆம் நூற்றாண்டு ஓய்வு ஊர்களில் விளம்பரம் செய்தார்கள். நம் ஃபார்வேர்டில் இருக்கும் நினைப்பும் அதேதான், மாதம் மட்டும் மார்கழி.

காற்றுக்கு மூடி

இதை அத்தைக்கு எழுதி அனுப்பிவிட்டு முடித்திருக்கலாம். ஆனால் அதிகாலைக் காற்றில் வேறு என்ன இருக்கிறது என்ற கேள்வி பாக்கி இருந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழி நடுவிலிருந்து மழை மெல்ல விலகும். வானம் தெளியும். மேகம் இல்லாத, காற்று அடங்கின ராத்திரிகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்குச் சில பத்து மீட்டர் மேலே இருக்கும் காற்று அவ்வளவு குளிர்வதில்லை. வழக்கமாக மேலே போகப் போக குளிர வேண்டும். இங்கே தலைகீழ். கனமான குளிர்ந்த காற்று கீழே, லேசான வெதுவெதுப்பான காற்று மேலே. இதற்கு வெப்பத் தலைகீழாக்கம் என்று பெயர். பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பது மேலே போகாது.

நாம் மார்கழி என்று ரசிக்கும் பல விஷயங்கள் இந்த ஒரே மூடியிலிருந்து வருகின்றன.

முதலாவது மூடுபனி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு ஸ்ரீரங்கம். இரண்டு பக்கமும் ஈரம், சுற்றிலும் வயலும் வாழைத்தோப்பும். அந்த ஈரக்காற்று ராத்திரி குளிரும்போது நீராவி நுண்ணிய துளிகளாகி நிற்கிறது. மூடி இருப்பதால் கலைவதில்லை. காவிரிப் பாலத்திலிருந்து பார்த்தால் ஆறு மட்டும் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டிருக்கும், மலைக்கோட்டை மேலே தெளிவாகத் தெரியும். மலைக்கோட்டையின் உச்சி ஏறக்குறைய 83 மீட்டர். சில நாட்களில் மூடி அதற்கும் கீழேயே இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சத்தம். மார்கழி விடியலில் கொள்ளிடப் பாலத்தில் ஓடும் ரயில், பக்கத்துத் தெருவில் ஓடுகிற மாதிரி கேட்கும். எங்கோ கோயில் ஒலிபெருக்கியில் போடும் திருப்பாவை வீட்டுக்குள் வரும். ஊர் அமைதியாக இருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்த மூடி. வெதுவெதுப்பான காற்றில் ஒலி வேகமாகப் போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுதல். மேலே இருக்கும் காற்று வெப்பமானது என்பதால் ஒலி அலையின் மேல்பகுதி முந்திக்கொண்டு போகிறது. அலை முழுவதும் தரைப் பக்கம் வளைகிறது. பகலில் தரைக்காற்று சூடு, அதனால் ஒலி மேல்நோக்கி வளைந்து வீணாகிவிடுகிறது. அதே ரயில், அதே பாலம், மத்தியானம் காதில் விழாது.

மூன்றாவதுதான் வம்பு. புகையும் அந்த மூடிக்குக் கீழேதான் நிற்கும். குப்பை கொளுத்தும் புகை, வண்டிப் புகை, வெந்நீர் அடுப்புப் புகை எல்லாம் அதிகாலையில் மூக்கு உயரத்திலேயே தங்கிவிடும். இதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணம் 2018 ஜனவரி 13, போகிப் பண்டிகை. சென்னையில் கொளுத்திய புகையும் பனிமூட்டமும் சேர்ந்து விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. திருச்சியில் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

சூரியன் வந்து தரை சூடாக ஆரம்பித்ததும் மூடி உடையும். ஏழரை, எட்டு மணிக்கு மேல் பனி விலகும்போது புகையும் கலைந்து மேலே போகிறது. அதனால் நான் அத்தைக்கு எழுதின பதில் இது: கோலம் போடு, தெருவைப் பெருக்கு, கோயிலுக்குப் போ, எதையும் நிறுத்தவேண்டாம். ஆனால் நுரையீரலுக்கு நல்லது என்று நினைத்து நாலரை மணிக்கு மெயின் ரோடு ஓரமாக நடக்காதே. பனி கலைந்த பிறகு நட. போகியன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இரு. மற்றதை உன் டாக்டரிடம் கேள்.

பனி தலையில் இறங்குமா?

அத்தை விடவில்லை. "பனி தலையில இறங்கும்னு சொல்வாளே, அதுவும் பொய்யா?"

பனித்துளி மழை மாதிரி மேலிருந்து விழுவதில்லை. காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த பொருள் மேல் படிந்து துளியாகிறது. புல், ஸ்கூட்டர் சீட், தகரக் கூரை எல்லாம் ராத்திரி காற்றை விட அதிகமாகக் குளிர்ந்துவிடும், அதனால் அங்கே துளி. நம் தலை எப்போதும் சுற்றியுள்ள காற்றை விடச் சூடு. அதன்மேல் பனி படியாது. அடர்ந்த மூடுபனியில் நடந்தால் மட்டும் ஏற்கெனவே மிதக்கும் துளிகள் முடியில் ஒட்டும்.

ஆனாலும் மங்கி குல்லாய் போடுவதை நான் கேலி செய்யமாட்டேன். திருச்சியில் ஜனவரி அதிகாலை சுமார் 20 டிகிரி. லண்டன்காரர் அதில் அரைக்கை சட்டையோடு பார்க்கில் படுப்பார். ஆனால் மே மாதத்தில் 38, 40 பார்த்த உடம்பு இது. நம் வீடுகளும் சூட்டை வெளியே தள்ளுவதற்காகக் கட்டியவை. முற்றம், மொசைக் தரை, சாத்தாத ஜன்னல். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு அந்த மொசைக்கில் வெறுங்காலோடு நின்றால் 20 டிகிரி நிஜமாகவே குளிர்தான்.

வீட்டிலேயே இதற்கு ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது: தேங்காய் எண்ணெய் பாட்டில். அதன் உருகுநிலை சுமார் 24 டிகிரி. முதல்நாள் ராத்திரி தெளிவாக இருந்த எண்ணெய் காலையில் அடியில் வெள்ளையாக மங்கியிருந்தால், குளியலறை 24க்குக் கீழே போயிருக்கிறது என்று அர்த்தம். முழுசாக உறைந்திருந்தால் இன்னும் நன்றாக இறங்கியிருக்கிறது. சின்ன வயதில் அதை வெயிலில் வைத்து உருக்குவது என் வேலை. திண்ணையில் வெயில் விழும் இடத்துக்குப் பாட்டிலை நகர்த்திக்கொண்டே, நானும் கூடவே நகர்ந்து உட்கார்ந்திருப்பேன். மே மாதத்தில் யாராவது வெயிலைத் தேடிப் போய் உட்காருவார்களா?

தை பிறந்தும் ஏன் விடியவில்லை?

இது எனக்கே ரொம்ப நாள் சந்தேகம். டிசம்பர் 21 அல்லது 22தான் வருஷத்திலேயே குறுகிய பகல். அப்படியானால் அதற்குப் பிறகு சூரியன் சீக்கிரம் உதிக்கவேண்டும். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஆறரை மணிக்கும் இருட்டாகவே இருக்கும்.

ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதி, திருச்சியின் அட்சரேகை 10.8 டிகிரி, தீர்க்கரேகை 78.7 டிகிரி கொடுத்துக் கணக்குப் போட்டேன். நிமிடக் கணக்கில் தோராயமாக இப்படி வருகிறது. நவம்பர் 20: உதயம் 6.13, அஸ்தமனம் 5.49. டிசம்பர் 21: உதயம் 6.29, அஸ்தமனம் 5.58. ஜனவரி 20: உதயம் 6.38, அஸ்தமனம் 6.14.

அதாவது சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது நவம்பர் மூன்றாம் வாரத்தில், மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி மூன்றாம், நான்காம் வாரத்தில். குறுகிய பகல் இரண்டுக்கும் நடுவில்.

காரணம் கடிகாரம். சூரியன் உச்சிக்கு வருவதிலிருந்து மறுநாள் உச்சிக்கு வரும் வரை சரியாக 24 மணி நேரம் என்று நாம் நினைக்கிறோம். அது சராசரிதான். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும், ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாகப் போவதாலும், டிசம்பர் கடைசியில் இந்த இடைவெளி 24 மணி நேரத்தை விடச் சுமார் 30 நொடி அதிகம். தினமும் அரை நிமிடம் என்று உதயமும் அஸ்தமனமும் சேர்ந்தே பின்னால் தள்ளிப் போகின்றன. லண்டன் போன்ற ஊரில் பகலின் நீளம் வேகமாக மாறுவதால் இந்த அரை நிமிடம் சீக்கிரமே அமுங்கிவிடும். அங்கே தாமதமான உதயம் டிசம்பர் கடைசியிலேயே வந்து போய்விடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கோ பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. அதனால் அந்த அரை நிமிடம் ஒரு மாதம் ராஜ்யம் பண்ணுகிறது.

பலன் என்ன என்றால், நமக்கு மார்கழி முழுவதும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக நீளுகிறது, காலையும் தூங்க விடுகிறது. டிசம்பர் 21க்கும் ஜனவரி 20க்கும் இடையில் சாயங்காலத்துக்கு 16 நிமிடம் கூடுதல். ஒரு டம்ளர் காபியை ஆற்றி நிதானமாகக் குடிக்க அது தாராளம்.

அவரைக்கு எப்படித் தெரியும்?

திருச்சியில் ஜூனில் நீளமான பகல் சுமார் 12 மணி 45 நிமிடம், டிசம்பரில் குறுகிய பகல் சுமார் 11 மணி 29 நிமிடம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் நாட்டு அவரைக்கும் மொச்சைக்கும் தெரியும். பகல் குறைய ஆரம்பித்த பிறகுதான் அவை பூக்கும். குறும்பகல் செடிகள் என்பார்கள். பந்தலில் ஆடியில் விதைத்த கொடி மாதக்கணக்கில் வெறும் இலையாகப் படர்ந்துவிட்டு, மார்கழி, தையில் கொத்துக்கொத்தாகக் காய்ப்பது அதனால்தான். பழைய சம்பா நெல் ரகங்களும் அப்படித்தான், எப்போது நட்டாலும் பகல் குறைந்த பிறகே கதிர் விடும். பொங்கல் அன்று கூட்டில் அவரை, மொச்சை, புதுப்பானையில் புது அரிசி எல்லாம் ஒன்றாகச் சேர்வது தற்செயல் இல்லை. எல்லாமே அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் படித்துவிட்டு வருகின்றன.

இப்போது வருஷம் முழுக்கக் கிடைக்கும் அவரை, பகல் நீளம் பற்றிக் கவலைப்படாதபடி உருவாக்கிய ரகங்கள். மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்ரீரங்கம் மார்க்கெட்டில் ஜனவரியில் வரும் அந்த வாசனையுள்ள மொச்சையைத் தேடி வாங்குங்கள்.

பத்தொன்பது வருஷக் கணக்கு

ஸ்ரீரங்கத்தில் மார்கழி என்றால் வைகுண்ட ஏகாதசி. பகல் பத்து, ராப்பத்து என்று அரங்கனின் திருவிழா இருபது நாளுக்கு மேல் நடக்கும். ஏகாதசிக்கு முந்தின நாள் மோகினி அலங்காரம், மறுநாள் விடியுமுன் பரமபத வாசல் திறப்பு.

ஏகாதசி சந்திரன் கணக்கு, மார்கழி சூரியன் கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாது என்பதால் தேதி ஆடிக்கொண்டே இருக்கும். 2023ல் ஜனவரி 2, டிசம்பர் 23 என்று இரண்டு முறை வந்தது. 2024 காலண்டரில் ஒன்றுகூட இல்லை. 2025ல் மறுபடி இரண்டு: ஜனவரி 10, டிசம்பர் 30.

சில வருஷம் ஏகாதசி மார்கழியின் கடைசியில் விழும். அப்போது ராப்பத்து தை மாதத்துக்குள் போய், ஸ்ரீரங்கத்தின் தைத் தேர்த் திருவிழாவோடு மோதும். அந்த மாதிரி வருஷங்களில் இங்கே மட்டும் வைகுண்ட ஏகாதசியை ஒரு மாதம் முன்னால் கார்த்திகையிலேயே நடத்திவிடுவது வழக்கம். மணவாள மாமுனிகள் ஏற்படுத்திய முறை என்பார்கள். 2021ல் அப்படித்தான் நடந்தது. மற்ற ஊர்களில் 2022 ஜனவரி 13, ஸ்ரீரங்கத்தில் 2021 டிசம்பர் 14.

இது 19 வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்று ஊரில் சொல்வார்கள். கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது. 19 சூரிய வருஷங்களும் 235 சந்திர மாதங்களும் கிட்டத்தட்ட ஒரே நாட்கள், சுமார் 6,940. சில மணி நேரம்தான் வித்தியாசம். கிரேக்கர்கள் இதை மெட்டான் என்பவர் பெயரால் சொல்வார்கள். நம் ஊரில் பெயர் எதுவும் வைக்காமல் ஒரு திருவிழாத் தேதியாக வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 28

இத்தனைக்கும் நடுவில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆறு. திருச்சிக் குளிர்காலத்தின் பாதி சந்தோஷம் காவிரியில் தண்ணீர் ஓடுவது. அது இயற்கை மட்டும் தீர்மானிப்பது இல்லை. மேட்டூர் அணையைப் பாசனத்துக்காக ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். அதற்குப் பிறகு ஆறு மெல்ல மணலாகிவிடும்.

அதனால் நம் குளிர்காலத்துக்கு ஒரு நல்ல எல்லை கிடைக்கிறது. மார்கழி பிறக்கும் டிசம்பர் 16 வாக்கிலிருந்து ஜனவரி 28 வரை 44 நாள். காஷ்மீரில் டிசம்பர் 21ல் தொடங்கும் கடுங்குளிர் நாற்பது நாட்களைச் சில்லாய் கலான் என்பார்கள். அவர்களுக்கு அது தாங்கவேண்டிய நாற்பது நாள். நமக்கு, கிட்டத்தட்ட அதே தேதிகளில், வெளியே போகக்கூடிய நாற்பது நாள்.

இந்த 44 நாளில் ஞாயிற்றுக்கிழமை ஆறு, மிஞ்சிப்போனால் ஏழு. அதிலும் ஒன்று பொங்கல் வேலையில் போய்விடும். ஸ்பிரெட்ஷீட்டில் இதை எழுதிப் பார்த்தபோது கொஞ்சம் பகீரென்றது. நான் பெங்களூரு வந்து இருபது வருஷம் ஆகிறது. நூற்றுச் சொச்சம் ஞாயிறு. அதில் ஊரில் இருந்தவை இருபதுகூட இருக்காது, அதுவும் எல்லாம் பொங்கல் லீவு.

எல்லா வருஷமும் இந்த எல்லையும் நிச்சயமில்லை. 2023ல் ஜூன் 12ல் திறந்த அணையைத் தண்ணீர் போதாமல் அக்டோபரிலேயே மூடவேண்டி வந்தது. அந்த வருஷம் பயிரை நம்பி இருந்தவர்கள் பட்ட பாட்டின் முன்னால் என் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு ஒன்றுமில்லைதான். ஆனாலும் பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கிற எல்லோருக்கும் அந்த மணல் ஒரு மாதிரி நெஞ்சை அடைக்கும்.

ஆறு ஞாயிறு

போன குளிர்காலம் நான் போட்ட பட்டியல் இது. எதுவும் பெரிய பயணம் இல்லை. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள், அதிகம் போனால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம்.

முதல் ஞாயிறு, காரே வேண்டாம், கோலம் பார்க்கும் நடை. உத்தர வீதி, சித்திரை வீதி. சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகின வாசல்கள் இன்னும் இருக்கின்றன. என் தொழில்காரர்களுக்கு ஒரு தகவல்: 1970களில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் புள்ளிக்கோலங்களை வைத்துப் பட இலக்கணங்களை ஆராய்ந்தார்கள். சின்ன விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பெரிய கோலம் உருவாவதை, கணினி மொழிகளின் இலக்கணம் போலவே எழுதிக் காட்டினார்கள். அதைப் படித்த பிறகு தெருவில் நடந்தால், ஒவ்வொரு வாசலும் யாரோ மனப்பாடமாக ஓட்டிய நிரல் மாதிரித் தெரியும்.

இரண்டாவது, மலைக்கோட்டை, சாயங்காலம் நாலரைக்கு. நானூறுக்கும் மேற்பட்ட படிகள். மே மாதம் பாறை கொதிக்கும், இப்போது வெறுங்காலுக்கு இதம். பாதி வழியில் மகேந்திரவர்மன் காலத்துப் பல்லவர் குடைவரை இருக்கிறது, நின்று பாருங்கள். உச்சியில் நின்றால் ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஸ்ரீரங்கம் நிற்பது வரைபடம் போலத் தெரியும். 1987ல் கட்டி முடித்துக் குடமுழுக்குச் செய்த ராஜகோபுரத்தை அங்கிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது, முக்கொம்பு. ஊரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். கொள்ளிடம் குறுகிய, சரிவான வழி என்பதால் தண்ணீர் அதில் பாய்ந்துவிட, காவிரி மண்மேடிட்டுப் போய்த் தஞ்சாவூருக்கே ஆபத்து வந்தது. அதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836–38ல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு பக்கத்தில் புதிய கதவணை வந்தது. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் மதகுப் பக்கம் ஆளை இழுத்துவிடும்.

நான்காவது, கல்லணை. கரிகாலன் கட்டியது என்று நாம் சொல்லும் அணை. ஆற்று மணலில் கற்களை அமிழவிட்டே அடித்தளம் அமைக்கலாம் என்ற பாடத்தைக் காட்டன் இதிலிருந்துதான் கற்றுக்கொண்டார். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று நான்காகப் பிரியும் இடம். குளிர்காலத்தில் நாலிலும் என்ன ஓடுகிறது என்று பார்த்தாலே டெல்டாவின் நிலைமை புரிந்துவிடும்.

ஐந்தாவது, மேலூர் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, 2015ல் திறந்தது. இங்கே விடியற்காலை போய்ப் பிரயோசனம் இல்லை. வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. இறக்கையை விரித்து வெயில் காய்ந்து, பறக்கும் தசை சூடான பிறகுதான் கிளம்பும். ஒன்பதரை, பத்து மணிக்குப் போனால் இலை மேல் அசையாமல் காய்கிற நேரத்தில் நன்றாகப் பார்க்கலாம். அத்தை மாதிரி ஆட்களுக்கும் அதுதான் சரியான நேரம்.

ஆறாவது, அரியலூர் மாவட்டம் கரைவெட்டி. 2024ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர்த் தண்ணீர் வந்து நிறையும் ஏரி. இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் இங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவற்றுக்கு நம் 20 டிகிரி வெதுவெதுப்பு. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறில் எனக்கு நடந்தது மூன்றுதான். ஒரு ஞாயிறு வேலை வந்துவிட்டது, ஒரு ஞாயிறு ரயிலில் இடம் கிடைக்கவில்லை, ஒன்று பொங்கல் வேலை. முக்கொம்பும் கல்லணையும் கரைவெட்டியும் பாக்கி.

வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு அத்தையும் வந்தாள். ஒன்பதரைக்குத்தான் கிளம்பினோம். ஒரு கல்பெஞ்சில் வெயில் படுகிற பக்கமாக உட்கார்ந்து, கொண்டுவந்த ஃபிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றினாள். குளிர்காற்றில் ஆவி தெளிவாக எழுந்தது. நான் ஏதோ விளக்க வாயைத் திறந்தேன். "காபி ஆறிடும், முதல்ல குடி" என்றாள்.

பையில் இன்ஹேலர் இருந்தது. அன்றைக்கு அதை எடுக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரும் வழியில், அந்த ஓசோன் செய்தியைத் தனக்கு அனுப்பியவர்களுக்கெல்லாம் "எட்டு மணிக்கு மேல் நடக்கவும்" என்று பதில் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். வரும் மார்கழிக்கு கரைவெட்டியை முதல் ஞாயிறாக வைத்திருக்கிறோம். டிக்கெட் முன்பதிவு திறக்கும் தேதியைக் காலண்டரில் குறித்தாகிவிட்டது.